பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே

ராத்திரி பன்னிரண்டு மணி இருக்கும். டோக்கியோ நிஷிகசாயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் ஒரு போக்கிமான் கார்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலது கையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், இடது கையில் செல்போன் டார்ச். வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால்தான் கார்டின் மேலுள்ள கீறல் தெரியும். பின்பக்கம் நீல நிறம். அந்த நீலத்தின் விளிம்பில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தாலும் போச்சு. ஜப்பானியர்கள் அதை 'ஷிரோகாகே' என்பார்கள், விளிம்பு உதிர்ந்து வெள்ளை தெரிவது என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும் காலம் அது.

தண்ணீர் குடிக்க எழுந்துவந்த மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இன்னும் தூங்கலையா?"

"இதோ, ஒரு நிமிஷம்."

"நேத்து அவன் இதைத் தொட்டுட்டான்னு அந்தக் கத்து கத்தினீங்களே, இது யாருக்குன்னு வாங்க ஆரம்பிச்சது?"

நான் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உண்மையில் அது மகனுக்காக ஆரம்பித்ததுதான். 2022 ஏப்ரலில் அவன் இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பையில் போக்கிமான் கார்டு வைத்திருந்தார்கள். ஜப்பானிய மொழி சரியாக வராத பிள்ளைக்குச் சிநேகிதம் பிடிக்க வேறு வழியில்லை. நானும் வாரம் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். போக்கிமான் பெயர்கள் கதகானா எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே அவன் அந்த எழுத்துகளைக் கார்டில் படித்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் படித்தேன். பாக்கெட்டைப் பிரிப்பான், கார்டுகளைத் தரையில் பரப்புவான், மேலே முழங்கால் வைத்து ஏறுவான். அப்போது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வருத்தம் என்னும் நோயை ஆபீஸ் நண்பர் ஒருவர்தான் ஒட்டவைத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்: கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்த ஒரு பிகாச்சு கார்டு. 1997, 98-இல் 'கொரோகொரோ காமிக்' பத்திரிகை நடத்திய ஓவியப் போட்டிகளில் ஜெயித்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. அன்று பரிசாகப் போனவை மொத்தமே 39. பிகாச்சுவை முதன்முதலில் வடிவமைத்த அட்சுகோ நிஷிதா வரைந்த படம் அது. தர நிர்ணயத்தில் பத்துக்குப் பத்து வாங்கிய ஒரு கார்டை 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு லோகன் பால் என்ற அமெரிக்க யூடியூபர் வாங்கினார்; 2022-இல் அது கின்னஸ் பதிவிலும் ஏறியது.

"உங்க பையன் முழங்கால் போட்டு ஏறுற சாமான் இது" என்று சிரித்தார் நண்பர்.

அன்று சாயங்காலம் ரயிலில் வரும்போதே என் கண் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தரையில் கிடந்த கார்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உறையில் போட்டேன். மகன் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. போக்கிமான் கார்டு ஜப்பானில் 1996 அக்டோபர் 20 அன்று கடைக்கு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் வீடியோ கேமே வந்திருந்தது. ஆங்கிலப் பதிப்பு வர 1999 ஆனது. ஆகவே மூத்த பிள்ளை ஜப்பானியக் கார்டுதான். கார்டு பழையதா புதியதா, அசலா நகலா, எவ்வளவு சேதாரம் என்று பார்த்து எண் கொடுக்க நிறுவனங்கள் உண்டு. 1991-இல் அமெரிக்காவில் பேஸ்பால் போன்ற விளையாட்டுக் கார்டுகளுக்காகத் தொடங்கிய பி.எஸ்.ஏ. அவற்றில் பெரியது. ஒன்றிலிருந்து பத்துவரை தரம். படம் நடுவாக அச்சாகியிருக்கிறதா, நான்கு மூலையும் கூராக இருக்கிறதா, விளிம்பு உதிர்ந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறலோ பள்ளமோ உண்டா என்று நான்கையும் பார்ப்பார்கள். நான் அனுப்பிய காலத்தில் முன்பக்க ஓரங்கள் 60-க்கு 40 என்ற விகிதத்தைத் தாண்டிச் சாய்ந்திருந்தாலே பத்து கிடைக்காது. பிறகு எண் போட்ட லேபிளோடு சேர்த்துக் கார்டைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துப் பற்றவைத்துத் தருவார்கள். அதை 'ஸ்லாப்' என்பார்கள். உடைக்காமல் திறக்க முடியாது.

கொரோனாக் காலத்தில் உலகமே வீட்டில் முடங்கிப் பழைய அலமாரிகளைக் கிளறியபோது இந்தத் தொழில் திணறிப்போனது. 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. தன் பெரும்பாலான சேவைகளைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தது. முந்தைய மூன்று மாதங்களில் வந்ததைவிட அதிகமான கார்டுகள் மூன்றே நாளில் வந்து குவிந்ததாக அதன் தலைவரே சொன்னார். இதைப் படித்தபோது எனக்கு எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். 'இத்தனை பேர் முட்டாளா?' என்றுதான் அடித்தது.

2023 கோடை. ஏப்ரலில் 'கிளே பர்ஸ்ட்' தொகுப்பும் ஜூனில் '151' தொகுப்பும் வந்திருந்தன. '151' பெட்டியின் விலை 5,800 யென். அந்த விலைக்குக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் உண்டு. நான் ஏழு இடத்தில் பெயர் கொடுத்தேன், ஒன்றிலும் விழவில்லை. இவ்வளவு பேர் கேட்கும் சரக்கு எப்படி விலை இறங்கும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் அகிஹாபாராவில் ரேடியோ கைக்கான் கட்டடத்து மாடிகளை ஏறி இறங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கார்டுகள், கல்லாவுக்குப் பக்கத்தில் 'நாங்கள் வாங்கும் விலை' என்று அன்றாடம் மாறும் பட்டியல். சந்தை நிலவரம் பார்க்கிற கமிஷன் மண்டிக்காரர் மாதிரி அதை நோட்டில் குறித்துக்கொள்வேன்.

பிறகு வாங்கினேன். தரம் போடாத இருபது கார்டுகள், சராசரி 25,000 யென் வீதம் ஐந்து லட்சம். ஏற்கெனவே பத்து வாங்கிய ஸ்லாப் ஒன்று, 2,60,000. இருபதையும் தரம் போட அனுப்பிய கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். மொத்தம் 8,60,000 யென். அன்றைய மதிப்பில் சுமார் ஐந்து லட்ச ரூபாய். இது தவிர 'ஒரிப்பா' என்று ஒன்று உண்டு. கடைக்காரர்களே பல கார்டுகளைக் கலந்து மூடி விற்கும் அதிர்ஷ்டப் பொட்டலம். அதில் போன பணத்தை நான் நோட்டில் எழுதவேயில்லை. எழுதாத கணக்குதான் மனிதனை அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

மனைவியிடம் "பையன் காலேஜுக்கு ஆகும்" என்றேன். அதே வாயால், கை கழுவாமல் தொட்டதற்காகப் பையனைத் திட்டினேன்.

தரம் போட அனுப்புவதே ஒரு சடங்கு. மைக்ரோஃபைபர் துணியால் லேசாகத் துடைத்து, மெல்லிய உறையில் போட்டு, அதை அரைக் கெட்டியான உறைக்குள் இறக்கி, கார்டு நழுவாமல் அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, ஒவ்வொன்றின் மதிப்பையும் படிவத்தில் எழுத வேண்டும். எழுதும் மதிப்பைப் பொறுத்துத்தான் கட்டணம். இருபதில் குறைந்தது பதினைந்து பத்து வாங்கும் என்பது என் கணக்கு. பத்து வாங்கிய கார்டு வாங்கிய விலைக்கு இரண்டு பங்கு போகும் என்பது அடுத்த கணக்கு. இரண்டுக்கும் ஆதாரம் என் ஆசைதான்.

பல மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. ஆபீஸ் கழிப்பறையில் நின்றுகொண்டு செல்போனைத் திறந்தேன். 9, 9, 10, 9, 8, 9, 10... விரலால் தள்ளிக்கொண்டே போனேன். பத்து: ஏழு. ஒன்பது: பதினொன்று. எட்டு: இரண்டு. ராத்திரி ராத்திரியாக நான் லென்ஸ் வைத்துப் 'பழுதே இல்லை' என்று முடிவு கட்டிய கார்டுகள் அவை. குறை அவர்கள் கண்ணில் இல்லை. பத்து வேண்டும் என்று பார்த்த கண்ணுக்குப் பத்துதான் தெரிந்திருக்கிறது.

பரீட்சையில் பத்துக்கு ஒன்பது வாங்கினால் எந்த வீட்டிலும் மெச்சுவார்கள். இங்கே கதை வேறு. ஜப்பானிய அச்சும் வெட்டும் ஆங்கிலப் பதிப்பைவிடச் சுத்தம் என்று பெயர் எடுத்தவை. அதனால் புதுக் கார்டுகளில் பத்து வாங்குபவை ஏராளம். பத்தே தாராளமாகக் கிடைக்கும்போது ஒன்பதை எவன் தேடுவான்? தரம் போடாத கார்டின் விலைதான் ஒன்பதுக்கும் கிடைக்கும், பல சமயம் கட்டணத்துக்கு ஈடாகக்கூட வராது. அதாவது பணம் கட்டி என் கார்டுகளுக்கு 'இது பத்து இல்லை' என்று சான்றிதழ் வாங்கியிருந்தேன். அனுப்பாமல் இருந்திருந்தால் ஒருவேளை பத்தாக இருக்கலாம் என்ற நம்பிக்கையாவது அதற்குள் விற்பனைக்கு இருந்திருக்கும்.

இதற்குள் சந்தையும் கவிழ்ந்துவிட்டது. 2023 இலையுதிர் காலத்திலேயே பட்டியல் விலைகள் சரிய ஆரம்பித்தன. காரணம் ரகசியமானதல்ல. போக்கிமான் நிறுவனமே வெளியிடும் கணக்கு அது: 2024 மார்ச்சில் முடிந்த ஒரே ஆண்டில் உலகம் முழுவதற்கும் அச்சடித்த கார்டுகள் 1,190 கோடி. கடையில் இல்லை என்று ஜனங்கள் அலைந்ததும் அச்சு இயந்திரத்தை முடுக்கிவிட்டார்கள். பொம்மைக் கம்பெனி செய்ய வேண்டிய நியாயமான வேலை அது. பிள்ளைகளுக்குக் கார்டு கிடைத்தது. என்னைப் போன்றவர்களுக்குப் பாடம் கிடைத்தது.

2024 கோடையில் ஒரு நாள் எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு விற்கப் போனேன். கல்லாவில் இருபத்தைந்து வயதுப் பையன். ஸ்லாப்களை ஒவ்வொன்றாக எடுத்து, கார்டைப் பார்க்காமல் லேபிளை மட்டும் பார்த்தான். லேபிள் எண்ணைக் கணினியில் தட்டிச் சரிபார்த்தான், போலி ஸ்லாப்களும் வருகின்றனவாம். பிறகு பெட்டியின் பிளாஸ்டிக்கில் கீறல் இருக்கிறதா என்று விளக்கடியில் திருப்பினான். ஒரு கார்டில் மழை நனைத்த தெருவில் ஒரு சிறுமி குடை பிடித்து நிற்பாள். அந்தப் படத்துக்காக மட்டுமே நான் ஆசைப்பட்டு வாங்கியது அது. அதையும் லேபிளோடு முடித்துக்கொண்டு கீழே வைத்தான். எனக்குக் கோபம் வந்தது. மறுகணமே சப்பென்று ஆனது. ஒரு வருஷமாக நான் செய்ததும் அதைத்தானே? அந்தச் சிறுமியின் குடை என்ன நிறம் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. இடது ஓரத்தில் உதிர்ந்த வெள்ளைப் புள்ளி எந்த இடம் என்று தூக்கத்திலும் சொல்லியிருப்பேன்.

எட்டு வாங்கிய இரண்டை மட்டும் அவன் தனியே ஒதுக்கி, மன்னிப்புக் கேட்கும் குரலில், வாங்குவதில்லை என்றான். மீதிக்கு 3,80,000 யென். அதிலும் எனக்குக் கூடுதல் அடி. யென் மதிப்பு அந்த ஜூலையில் ஒரு டாலருக்கு 161-ஐத் தாண்டி விழுந்திருந்தது. ரூபாயில் பார்த்தால் ஐந்து லட்சம் போட்டு இரண்டு லட்சம் எடுத்திருந்தேன்.

அன்று ராத்திரி கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கார்டு என்றால் என்னவென்று விளக்கவே பத்து நிமிஷம் ஆனது. கடைசியில், "ஏன்யா, அந்தக் காசுக்கு நாலு பவுன் எடுத்துப் போட்டிருக்கக் கூடாதா?" என்றாள். நாலு இல்லை அம்மா, பத்துப் பவுனுக்கு மேலே வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் ஒரு கிராம் தங்கம் 10,000 யென்னை முதன்முறையாகத் தொட்டதே 2023 ஆகஸ்டில்தான். 2025 செப்டம்பரில் அது 20,000-ஐத் தாண்டியது. தங்கம் ஏறியதை வைத்து அம்மாவை ஞானி என்றும் என்னை மூடன் என்றும் சொல்ல வரவில்லை. தங்கமும் இறங்கியிருக்கலாம். ஆனால் அம்மாவின் கேள்வி வேறோர் இடத்தில் என்னைக் குத்தியது. கீறல் விழுந்த தங்கமும் தங்கம்தான். உரைகல் தேய்த்துப் பார்ப்பது உள்ளே இருப்பதை. என் கார்டுகளில் நான் காசு கொடுத்து வாங்கியது உள்ளே இருந்ததை இல்லை. ஒருவரும் தொடாமல் இருந்ததைத்தான்.

தொடாமல் இருப்பதற்கு ஏன் விலை வந்தது என்பதை யோசித்துப் பார்த்தபோதுதான் என் தவறின் வேர் பிடிபட்டது. கோவில்பட்டியில் நாங்கள் சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்ப்போம். ஊரே தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த காலம். படத்தை வைத்து விளையாடுவோம், தோற்றால் கிழிப்போம், மழையில் நனைப்போம். எண்ணிக்கைக்குக் குறைவே இல்லாத சாமான். இன்று அதில் ஒன்று கசங்காமல் கிடைத்தால் சேகரிப்பவர்கள் தேடி வருகிறார்கள். நாங்கள் கிழித்ததால்தான் மிஞ்சியதற்கு மரியாதை.

1996-இன் கார்டுகளுக்கும் அதுவே கதை. அதை வாங்கிய ஜப்பானியப் பிள்ளைகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, கால்சட்டைப் பையில் திணித்து, தரையில் அடித்து விளையாடினார்கள். பழுதில்லாமல் தப்பியவை கொஞ்சம். அந்த அருமையை உண்டாக்கியது பிள்ளைகளின் அஜாக்கிரதை. 2023-இல் நாங்கள் செய்ததோ நேர் எதிர்: பாக்கெட்டைப் பிரித்த கணமே உறை, உறைக்கு மேல் உறை, பிறகு ஸ்லாப். எந்தக் கார்டுக்கு எத்தனை பத்து கொடுத்தோம் என்று தரம் போடும் நிறுவனங்கள் எல்லோரும் பார்க்கும்படி கணக்கு வைத்திருக்கின்றன. நான் 2,60,000 யென் கொடுத்து வாங்கிய ஸ்லாபுக்கு நேரே அந்தக் கணக்கில் ஐந்து இலக்க எண் இருந்தது. வாங்குவதற்கு முன்பும் அந்தப் பக்கம் திறந்தே கிடந்தது, நான்தான் பார்க்கவில்லை. எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருள் எந்தக் காலத்திலும் அரிதாகாது. இவ்வளவு எளிய கணக்கு புரிய எனக்கு நாலு லட்சத்து எண்பதாயிரம் யென் செலவானது.

சேகரிப்பே தப்பு என்று சொல்லி முடித்தால் அது பொய். 2025-இல் சில கார்டுகள் மறுபடி ஏறின. நான் விற்றவற்றில் இரண்டு மூன்று வாங்கிய விலையையே தொட்டன. பொறுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நகானோ பிராட்வே கடைவளாகத்தில் பழைய முதுகுப் படம் கொண்ட கார்டுகளை மட்டும் கிட்டத்தட்ட முப்பது வருஷமாகச் சேர்க்கும் ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். அச்சில் மை தடித்த விதத்தை வைத்தே எந்தக் காலத்துக் கார்டு என்று சொல்வார். முதல் அச்சில் அரிது என்பதைக் குறிக்கும் அடையாளம் விடுபட்டிருப்பதை வலது கீழ் மூலையில் விரல் வைத்துக் காட்டுவார். விலை விழுந்த நாளிலும் அவர் முகத்தில் மாற்றம் இல்லை. அவர் வாங்கியது கார்டை. நான் வாங்கியது அடுத்தவன் ஆசையை, அதுவும் அது உச்சியில் இருந்தபோது.

2025 ஆகஸ்டில் ஜப்பான் மெக்டொனால்ட்ஸ் குழந்தைகளுக்கான சாப்பாட்டோடு போக்கிமான் கார்டு கொடுத்தது. பெரியவர்கள் மொத்தமாக வாங்கிக் கார்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை அப்படியே குப்பையில் போட்ட காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. "எப்படித்தான் மனசு வருதோ" என்றாள் மனைவி. நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன். பிள்ளையிடமிருந்து கார்டைப் பிடுங்கியவனுக்கும் சாப்பாட்டைக் கொட்டியவனுக்கும் நடுவே எத்தனை படி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

விலை போகாத அந்த இரண்டு எட்டும் அலமாரியில் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் கேட்டான், "அப்பா, இதை வெளியே எடுக்கலாமா?" குறடால் பெட்டியின் மூலையை நெரித்து உடைத்தேன். பிளாஸ்டிக் சில்லுகள் மேசையெங்கும் தெறித்தன. குடைச் சிறுமி வெளியே வந்தாள். பத்தும் ஒன்பதும் வாங்கியவர்கள் விலைபோக, அவள் எட்டு வாங்கியதால் எங்களிடமே தங்கிவிட்டாள். குடை மஞ்சள் நிறம். மகன் கை கழுவாமல்தான் எடுத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

மறுவாரம் பூங்காவிலிருந்து ஓடிவந்தான். குடைச் சிறுமியை நண்பனுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு 'பீடாரு' வாங்கி வந்திருந்தான். முன்பல் துருத்திக்கொண்டிருக்கும் பீவர் மாதிரி ஒரு பிராணி. எந்தக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாதாரணக் கார்டு.

"ஏன்டா அதைக் கொடுத்தே?"

"அப்பா, இது களத்துல இருந்தா, கையில அஞ்சு கார்டு ஆகுற வரைக்கும் எடுத்துக்கலாம். அந்தப் பொண்ணு கார்டு சும்மாத்தான் இருக்கும்." என் அறியாமைக்காக வருத்தப்பட்டு முகத்தைச் சுளித்தான். "நல்ல பேரம்ப்பா."

நல்ல பேரம்தான் என்றேன். பையன் தூங்கியதும் செல்போனை எடுத்து அந்தக் குடைச் சிறுமி இன்று என்ன விலை போகிறாள் என்று தேடிப் பார்த்தேன். எவ்வளவு என்று மனைவி கேட்டாள். சொல்லவில்லை, ஆனால் எண் இன்னும் நினைவிருக்கிறது.